நீ உரக்கச் சொன்ன சொல்

இன்று காலை வறுத்த காப்பிக்கொட்டை கொஞ்சம் கருகிவிட்டது. கடை முழுக்கப் புகை. வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். உனக்கு அந்தக் கருகல் வாசம்தான் பிடிக்கும். நீ செத்து மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். பாதிரியார் பள்ளியில் கற்ற எழுத்து இதற்காவது உதவட்டும்.

ராசிங்காபுரத்தில் உங்கள் நிலம் மழையில்லாமல் காய்ந்த வருஷம் நீ மேஸ்திரி வேலைக்கு மலையேறி வந்தாய். நீ சேர்ந்த காப்பித்தோட்டத்தில்தான் நான் கூலி. உன் ஊரில் என் சாதிக்காரன் உன் தெருவில் நடக்க முடியாது. மலையில் குளிருக்கும் அட்டைக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே குடிசையில் படுத்தோம். கருப்பட்டி போட்ட கடுங்காப்பியை ஒரே தகரக் குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தோம். "மாப்ளே" என்று முதலில் கூப்பிட்டது நீதான். மலைக்காய்ச்சலில் நீ விழுந்தபோது உன்னை முதுகில் கட்டிக்கொண்டு முந்தல் அடிவாரம் வரை இறங்கினேன். "விட்றாத மாப்ளே" என்று வழியெல்லாம் பிதற்றிக்கொண்டே வந்தாய். விடவில்லை.

நீ தேறிய பிறகு ஒரு சந்தை நாளில் போடி கடைவீதிக்குப் போனோம். காப்பிக் கடைகள் அப்போதுதான் அங்கே முளைத்திருந்தன. நாம் பறித்துக் கொடுத்த கொட்டையை ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நமக்கு அவ்வளவு ஆசை. சந்தை முனையில் ஒருத்தி பானையில் விற்றதைக் குடித்தோம். ராவுத்தர் கடையில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பால் விட்ட காப்பியை முதன்முதலாகக் குடித்தோம். நுரை உன் மீசையில் ஒட்டியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். "இன்னொரு கடையும் பாத்துருவோம் மாப்ளே" என்றாய்.

அந்த இன்னொரு கடை, புதிதாகப் பலகை மாட்டிய காப்பி கிளப்பு. உள்ளே நாற்காலி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. நீ உள்ளே போனாய். முதலாளி என்னை வாசலிலேயே மறித்து, "கூட வர்றது யாருங்க?" என்று உன்னைக் கேட்டார்.

நீ கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாய்: "யாரோ மலைக்கூலி. வெளியில ஊத்துங்க."

எனக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். கை படாமலிருக்க உயரத்திலிருந்து ஊற்றியதில் பாதி என் காலில் விழுந்து சுட்டது. மீதியைச் சாக்கடையில் கொட்டினேன். உன் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உள்ளே இருந்தார்களாம், பிறகு சொன்னாய். "கோவிச்சுக்காத. அங்க வேற என்ன சொல்றது?" என்றாய். அதற்குப் பிறகு நான் உன்னோடு மலையேறவில்லை.

முந்தலிலேயே கூரை போட்டுக் கடை வைத்தேன். மலையிறங்கி வருகிறவனுக்கு என் காப்பி வாசம்தான் முதலில் எட்டும். எவன் வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே மாதிரி டம்ளர். வண்டிக்காரர்கள் வந்தார்கள், பொதிமாட்டுக்காரர்கள் வந்தார்கள். நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவாய். ஏழெட்டு வருஷம் அப்படியே போனது.

ஓர் ஐப்பசி மழையில் நீ வந்தாய். மறுபடியும் காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சில் சாய்ந்து, "சூடா ஒரு காப்பி கொண்டா மாப்ளே" என்றாய்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். என் கடையில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர். பொட்டிபுரத்தில் உன் மகளுக்குப் பேசி முடித்திருந்த பையனின் தாய்மாமன். நீ அவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"நான் யாருன்னு சொல்லு. ஒரக்கச் சொல்லு. தர்றேன்" என்றேன்.

என்னையே பார்த்தாய். உன் கண் கலங்கியது. பிறகு கடை அதிரச் சொன்னாய்: "என் மாப்ளேடா நீ! என் உசுரச் சுமந்தவன். ஒரே குவளையில குடிச்சவங்க நாம!"

டம்ளர் நிறையக் கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தாய். எட்டிப் பார்த்தேன், தட்டிக்குப் பின்னால் நின்றவர் கொட்டுகிற மழையில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

மாப்ளே என்றால் பெண் கொடுக்கிற உறவு. என் சாதிக்காரனை அப்படி அழைத்தவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? எட்டாம் நாள் சம்பந்தம் முறிந்தது. உன் பங்காளிகள் உன்னை நல்லது கெட்டதுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள்.

நீ மறுபடி வந்தாய். உட்காரவில்லை.

"அவரு நின்னது தெரிஞ்சேதான் கேட்டியா?"

"தெரிஞ்சேதான்."

திரும்பி மலையேறினாய். தை பிறக்கும் முன்னே செத்துப்போனாய். தோட்டத்து ஆள் ஓடிவந்து, "பொணத்த எறக்கிட்டு வர ஆளில்ல, வெரசா வாங்கண்ணே" என்றான். "சோலி கெடக்கு" என்று சொல்லி அடுப்பை ஊதினேன்.

என்னைப் பற்றி நீ பொய் சொன்ன அன்று உனக்கு ஒரு குறையும் வரவில்லை. உண்மை சொன்னபோதுதான் எல்லாம் போனது. அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்காதே. இன்னும் உன்னை மன்னிக்கவில்லை.

போன ஆவணியில் உன் மகளுக்குக் கம்பத்தில் கல்யாணம் ஆனதாக ஒரு வண்டிக்காரன் சொன்னான். நல்ல இடமாம். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது ஏமாற்றம். நிம்மதி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. உன்னை நினைக்கும்போது நிமிர்ந்து நிற்கிற என் தலை, அவள் பேச்சு வந்தால் தானாகக் குனிந்துவிடுகிறது.