அப்பாவின் மேக்னத்துக்கு ஏற்ற தோட்டா

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே வயோமிங் காற்றும் உன் அப்பாவும் ஓயவில்லை, மற்றபடி சுகம். பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அக்டோபரில் நீ வந்ததும் நீங்கள் இருவரும் போக எல்க் மான் வேட்டை அனுமதி குலுக்கலில் விழுந்ததிலிருந்து சாப்பாட்டு மேசை எனக்கில்லை. தோட்டாவை அவரே செய்கிறார்: பித்தளைக் குப்பி, தராசு, குண்டுப் பெட்டி. நான் மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். தோள் அறுவைக்குப் பிறகு அவர் விரல் நடுங்குவதால் வெடிமருந்தை நிறுத்துப் போடுவதும் நான்தான். பின்புல்வெளியில் அந்தப் பெரிய மேக்னம் துப்பாக்கியால் குறியட்டையைச் சுடுவார், நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று அட்டையிலேயே இல்லை. உடனே, மருந்தை மாத்தணும், இந்த மேக்னத்துக்கு நாக்கு நீளம், பிடிச்ச தீனி கெடைச்சாத்தான் நேரா சுடும் என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

பக்கத்துப் பண்ணை மார்னாதான், மருந்தில்லாத தோட்டா ஒண்ண நடுவுல கலந்து குடுடீ, கோளாறு எதுலன்னு தெரிஞ்சிடும் என்றாள். செவ்வாயன்று அப்படியே செய்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசை டிக்கென்றது, வெடிக்கவில்லை, ஆனால் குழல் வெடுக்கென்று கீழே குத்தியது. கண் இறுக மூடியிருந்தது. துப்பாக்கியின் உதை தோளில் விழுமுன்பே அவர் உடம்பு பயந்துவிடுகிறது, கோல்பி. அவர் என் முகத்தைப் பார்க்காமல், நீ மருந்து போட மறந்துட்ட ஆர்லீன் என்றார். ஆமா, மறந்துட்டேன் என்றேன்.

இன்னும் நாலு உதை வாங்கினால் கை தூக்கவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னத் துப்பாக்கியை எடுங்களேன் என்றால், கோல்பி வர்றான், அவன் முன்னாடி பொம்மைத் துப்பாக்கியோட நிக்கவா என்கிறார். மறுபடி மேசைக்கு வா என்கிறார், போகிறேன். அவராக விடமாட்டார். என்னாலும் சொல்ல முடியாது, சொன்னால் மனிதர் உடைந்துவிடுவார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டு, லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் வேட்டை வேண்டாம் என்று சொல். திட்டுவார், வாங்கிக்கொள். நானும் சேர்ந்து திட்டுவேன். வேட்டையில்லாமல் சும்மா வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே, நான் சொல்லித்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். உன்னைப் பார்த்து நாலு வருஷமாகிறது. அக்டோபரை நினைத்துக்கொண்டுதான் அந்தத் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டவர் உன்னைக் கண்போல் காக்கட்டும். ராத்திரி வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள். விமான டிக்கெட்டை ரத்து செய்ய மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஆர்லீன்