நகராத சிவப்பு நூல்

அன்பு மகள் வாலுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரிலும் வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கிழித்த கை இது, எத்தனை பள்ளம் மேட்டில் வண்டி குதித்தாலும் கணக்குத் தாளில் நேராக எழுதியது, இப்போது அசையாத மேஜையில் கோடு மாறுகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவள் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு, மாப்பிள்ளை நல்லா இருக்காரா, உடம்பைப் பார்த்துக்கிறியா என்று அவள் உன்னிடம் கேட்கிறாளே, நன்றாக யோசித்துப் பார், ஒவ்வொரு தடவையும் அதே நாலு கேள்வி, அதே வரிசை. அம்மா தெளிவாத்தானே பேசுறாங்க என்று நீ போன வாரம் சொன்னாய். நீ சொல்லும் பதில் எதுவும் அவள் மனதில் நிற்பதில்லையடி. போனை வைத்ததும், யாருங்க பேசினது என்று என்னிடம் கேட்கிறாள். அம்மாவுக்கு மறதி நோய், டாக்டர் சொல்லிவிட்டார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான், அதனால் நேராகவே எழுதிவிட்டேன். இப்போது அவள் மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள், எழுவதற்குள் முடிக்க வேண்டும்.

இந்த ஒரு மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன் கேள். உன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ரயில் ஏறினோம். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா, ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் படிப்போம், எனக்கு அடையாளம் பழைய டிக்கெட் துண்டு, தையல் டீச்சரான உன் அம்மாவுக்கு அவள் தையல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு நூல். முன்னால் போகிறவர் கதையைச் சொல்லக் கூடாது, சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேண்டுமென்றே முடிவைப் படித்துக் கத்திவிட்டு ஓடுவாயே, வாலு என்று உனக்குப் பெயர் வந்ததே அதனால்தானே. இந்தத் தடவை நூலகத்திலிருந்து எடுத்துப்போனது கப்பல் கதை, தலையணை மாதிரி தடி. அதில் ஒரு சமையல்காரன் காணாமல் போன தன் கரண்டியைக் கப்பல் பூராவும் தேடுவான், கடைசியில் பார்த்தால் அது அவன் இடுப்பிலேயே சொருகியிருக்கும். அந்த இடம் வந்ததும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் சிரித்தாள், அதற்கு மறுநாளும் சிரித்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், இல்லையே. உன் அண்ணிதான் ஒருநாள் என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு, மாமா தப்பா நினைச்சுக்காதீங்க, அத்தையோட நூல் நாங்க பார்த்த நாள்லேர்ந்து ஒரே பக்கத்துலதான் இருக்கு என்றாள். ஆனாலும் வீம்பு விடுமா, அவளுக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா, அதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணி நல்ல பெண், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவள் உன் அண்ணனிடம் சொல்ல, அவன் டாக்டரைப் பார்க்கணும் என்று ஆரம்பிக்க, எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லடா என்று கத்தினேன். கத்திவிட்டு என்ன செய்தேன் தெரியுமா, அம்மா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அந்த நூலை எடுத்து நாலைந்து பக்கம் தள்ளி வைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பாரும்மா, உன் அத்தை எவ்வளவு படிச்சுட்டா என்று மருமகளிடம் காட்டக்கூடச் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கிழட்டுப் புத்தி. அவள் அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள், அது எனக்கு அப்போது புரியவில்லை. நூல் வைத்த பக்கத்தைத் திறந்தால் கரண்டி தேடுகிறவன் இருப்பான், தெரிந்த ஆள், அங்கிருந்து தொடங்கலாம், அது அவளுக்கு ஒரு தைரியம். நான் என் கையாலேயே அதைப் பிடுங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் புத்தகத்தைத் திறந்தாள். நான் தள்ளி வைத்த இடத்தில் அந்தச் சமையல்காரனின் உடலைக் கடலில் இறக்கி எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். அம்மா முகம் வெளுத்துப்போயிற்று. என்னங்க, இவன் எப்பச் செத்தான், நேத்துக்கூடக் கரண்டி தேடிக்கிட்டு இருந்தானே என்று கேட்டாள். நீ படிச்சது மறந்திருக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். நாக்கை அறுத்துப் போட்டால் தகும். அவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது, டீ வாங்க இறங்கினேன், வாங்கிக்கொண்டு ஏறிப் பார்த்தால் சீட்டில் அவள் இல்லை. பை இருக்கிறது, செருப்பு இருக்கிறது, அவள் இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடினேன், வண்டி நகர ஆரம்பித்ததும் குதித்தேன், முழங்கால் தேய்ந்துபோயிற்று, அது ஆறிவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. பிளாட்பாரக் கடைசியில், குழாயடிப் பக்கம், கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருத்தி இவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால், மடியில் அந்தப் புத்தகம். நடுவுல கொஞ்சம் காணோம், எங்க விட்டேன்னு தெரியலை என்று இவள் அந்த அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அம்மாவும் பாவம், ஏதோ சாமான் தொலைந்துவிட்டது என்று நினைத்துப் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறாள். அங்கேயே நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மா முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அதற்கு அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, நீங்க எதைத் தொலைச்சீங்க என்று கேட்கிறாள்.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்ததும் அண்ணன் ஓடி வந்து எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான், தலையைப் படம் எடுத்தார்கள், என்னென்னவோ கேள்வி கேட்டார்கள். இன்னும் எவ்வளவு காலத்துக்கு அவளுக்கு ஆட்களைத் தெரியும், எந்த ஸ்டாப்பிங் வரைக்கும் போகும் என்று சொல்லிவிடுங்கள் டாக்டர் என்று நான் என் பாஷையில் கேட்டேன். அவர் நல்ல மனுஷர், இந்த வண்டிக்கு ஊர் பேர் போட்ட போர்டு கிடையாதுங்க ஐயா, மாத்திரையில வேகத்தை வேணும்னா கொஞ்சம் குறைக்கலாம் என்றார். அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். அவளுக்கு அது புது வீடு, புதுக் கதவு, குளியலறை எங்கே என்று தேடியே அவள் பயந்துபோவாள், வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கு அவனுக்கு வருத்தம், நீ போன் செய்தால் சமாதானம் சொல். இங்கே தினமும் யாராவது பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி. மாடி வீட்டு டிரைவர் அதைத்தான் கேட்டார், எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணும் கேட்டாள். தெரியவில்லை என்றதும் அவள் முகம் சுருங்கிப்போகிறது, அவர்கள் போன பிறகு கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தித் திட்டிவிட்டேன், பிறகு போய் மன்னிப்பும் கேட்டேன். நூலை மறுபடியும் கரண்டிப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். என் டிக்கெட்டையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன், கதை எப்படி முடிகிறது என்று எனக்கும் தெரிய வேண்டாம். தினமும் காலையில் படித்துச் சிரிக்கிறாள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு வந்தேன்.

வருஷக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன் என்றாய். அது வேண்டாம், இப்போதே வா. உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டவன்தான் நான், இப்போது வெட்கத்தை விட்டுக் கெஞ்சுகிறேன். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். உன் பெயரை இன்னும் அவள் சரியாகச் சொல்கிறாள், உன் படத்தைத் துடைத்து வைக்கிறாள், ஆனால் நேற்று துடைத்துக்கொண்டே, இந்தப் பொண்ணு நம்ம வாலு மாதிரியே இருக்குல்ல என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. நான் தனியாக இதைத் தாங்க மாட்டேன் மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, வண்டியைப் பார்த்து ஓட்டு. கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் வாசலில் நின்று, நான் யாரு சொல்லு பார்ப்போம் என்று நீயும் கேட்டுவிடாதே. அம்மா, நான்தான், உன் மக வந்திருக்கேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. இந்த வாரம் முழுக்க நானும் காலையில், நான்தான், உன் புருஷன் என்று சொல்லித்தான் அவளை எழுப்புகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உன் அப்பா.