தாமரைக்கு வந்த புதுச் சொந்தம்

16 நவம்பர் 1993, செவ்வாய்

தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் என்று ஆறு வருடம் ஆராய்ந்து, முந்நூறு பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். இன்று தபாலில் ஒரு வெளிநாட்டுக் கட்டுரை வந்தது. செடிகளின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். அல்லிக்கும் தாமரைக்கும் நெருங்கிய உறவே இல்லையாம். தாமரைக்குச் சொந்தம், சில்வர் ஓக் மரம்!

விஜயநகரில் இருக்கும் என் கைடு வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீ பாக்கலேன்னே வெச்சுக்கோம்மா. இங்க யாருக்கும் தெரியாது. சப்மிட் பண்ணிடு."

"எனக்குத் தெரியுமே சார்."

"மாத்தி எழுத ரெண்டு வருஷம் ஆகும். லெக்சரர் வேலை கைவிட்டுப் போயிடும்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பரவாயில்ல பிடு, விட்டுத் தள்ளு. எங்க ஆபீஸ் வாசல்ல நிக்குதே, அந்த சில்வர் ஓக்கா?" என்று சிரித்துவிட்டார்.

கண்ணை மூடினால் ஒரு பெரிய குளம் தெரிகிறது. எந்தக் காலத்திலோ அந்த இரண்டு சொந்தங்களில் ஒன்று தண்ணீரில் இறங்கிவிட, மற்றது கரையிலேயே மரமாக நின்றுவிட்டது. இத்தனை நாள் நானும் அல்லியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அழுகை வரவில்லை. இப்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிற மாதிரி இருக்கிறது.