பார்க்கும்வரை பொங்காத பால்

இன்று மதியம் பால் தீய்ந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. பாயில் தூங்கும் என் பத்து மாதக் குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்து, அடுப்பை மறந்துவிட்டேன். கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கண்டுபிடித்துத் தந்தவளே நீதானே.

"யாருக்கும் தெரியாத தலைப்பா எடுக்கலாம்டி. தெரிஞ்சாதானே கேள்வி கேப்பாங்க?" என்றாய். நாம் இருவரும் சேர்ந்து செய்யவேண்டிய எம்.எஸ்சி. இயற்பியல் செமினாருக்கு மற்றவர்கள் லேசர், சோலார் என்று எடுக்க, நீ குவாண்டம் ஸீனோ விளைவைப் பிடித்தாய். ஓர் அணுவை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது சிதையாமல் அப்படியே நிற்குமாம். அதற்குமேல் ஒரு வரிகூட நமக்குப் புரியவில்லை. நாளையும் நீயே குறித்தாய்.

"பௌர்ணமி அன்னிக்கு வெச்சுக்கலாம். கிரிவலக் கூட்டத்துல பஸ் உள்ள வராது. பாதி கிளாஸ் லீவு. கேள்வி கம்மி."

வந்தவர்கள் கம்மிதான். அதனாலேயே சார் சீனியர்களையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார். நீ வரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, நீ பால் தூக்கோடு நடந்தே வந்து சேர்ந்தாய். கணக்கு வராததால் செய்முறை விளக்கமாம்!

பாலை மின்சார அடுப்பில் வைத்து, "எல்லாரும் இதையே பாருங்க. பாக்கற வரைக்கும் பொங்காது" என்றாய். கால் மணி நேரம் ஆகியும் பொங்கவில்லை! பௌர்ணமிக்கு லாட்ஜுகள் நிறைந்தால் நம் ஊரில் வோல்டேஜ் இறங்கி அடுப்பு சூடேறாது என்பதை நம்பித்தான் நின்றாயாம், பிறகு சொன்னாய்.

"ஏம்மா, பால் இருக்கு. அணு எங்க?" என்றார் சார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். புஸ்ஸென்று பொங்கி, மேசையெல்லாம் பால், அட்டெண்டன்ஸ் நோட்டெல்லாம் பால்.

"பாத்தீங்களா சார்? கண்ண எடுத்தீங்க, பொங்கிடுச்சு!"

"தியரி தப்பு. தைரியம் ஜாஸ்தி" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

பத்து மாதம் முன்பு உனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் நான் ஒரு போன் பேசவில்லை. பிரசவ வார்டில் இருந்தேன். அந்த வாரம்தான் நீ போய்ச்சேர்ந்தாய். பச்சை உடம்புக்காரி என்று வீட்டில் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து என் மகள்மீது வைத்த கண்ணை நான் எடுக்கவே இல்லை.

இன்று தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், இவள் ஞாபகம் வந்து பதறி ஓடிவந்தேன். பாய் காலி. பீரோவைப் பிடித்துக்கொண்டு, முதல்முதலாக, தானே எழுந்து நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

சாரிடம் யாராவது சொல்லுங்களேன், தியரி சரிதான். இனி பால் வைத்தால் அடுப்பையே பார்க்கப் போகிறேன்டி. இவள் கொஞ்சம் எழுந்து நிற்கட்டும்.