பல் பட்ட ரப்பர்

பாப்பா அம்மாவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாலாஜாபாத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போன நீ பாப்பா போட்டோவெல்லாம் கேட்டாயே என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். பீப் பீப்பென்று கத்தியது. திரையில் எதுவும் வரவில்லை. ஒரகடம் கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் எழிலரசனுக்குப் போன் செய்தேன்.

"உள்ள மெமரின்னு ஒரு பட்டை கீதுல்ல, அத்தக் கயட்டி அழுக்கு போவ ரப்பரால தேச்சு மாட்டுண்ணா, வந்துரும்" என்றான்.

வீட்டில் இருக்கும் ஒரே ரப்பர் பாப்பாவின் பள்ளிப் பையில்தான். அதைத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

ஒரு முனையில் அவள் பல் தடம் இருந்தது. ரப்பரைக் கடித்ததற்கு அவளை அடித்தேனே, நினைவிருக்கிறதா? மறுமுனையால் தேய்த்தேன்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போட்டோக்கள் பத்திரம். மேசையில் உதிர்ந்த ரப்பர் தூளைத்தான் பெருக்க முடியவில்லை. அவள் விட்டுப்போனதில் அவ்வளவைக் குறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, வந்துவிடு.

பாப்பா அப்பா