கரட்டுப்பட்டியில் ஆள் இல்லை

12 ஏப்ரல் 2047, காலை 6.00
கரட்டுப்பட்டி துணை மின் நிலையம். பணியில்: ஆபரேட்டர் தமயந்தி. மின்னழுத்தம் சரி. இன்று கணக்கெடுப்பு. எந்த ஊர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பங்கீட்டு இயந்திரம் அளக்கும். இனி அதன்படியே பங்கு.

காலை 10.20
எங்கள் ஊர் லைனில் நுகர்வு பூஜ்யம். லைன்மேன் கருத்தப்பாண்டி அண்ணனை அழைத்தேன்.
"மீட்டரெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. சோதனைக்கு வர்றாங்கன்னு எவனோ கெளப்பிவிட்டான். கொக்கி போட்டவன் உருவிட்டான். ஒழுங்கா பில் கட்டுறவனும் பயந்து மெயினை எறக்கிட்டான். ஊரே உத்தமனா உக்காந்திருக்கு."
அம்மாவும் அப்பா சுடலைமுத்துவின் ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்து, சிலிண்டரை மாட்டியிருக்கிறாள். கல்குவாரித் தூசி தின்ற நுரையீரல் அவருடையது.

13 ஏப்ரல், காலை 6.00
எங்கள் லைன் துண்டிப்பு. இயந்திரத்தின் செய்தி: "நுகர்வு இல்லை. குடியிருப்பு இல்லை. பங்கு புறவழிச்சாலை வணிக வளாகத்துக்கு." அங்கே கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஏசி ஓட்டுகிறார்கள்.

காலை 9.10
பேச வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்தை அழைத்தேன்.
"ஆள் இருந்தா யூனிட் ஏறியிருக்கணுமேம்மா?"
"கரண்ட் குடுத்தாத்தானே சார் ஏறும்?"
"மொதல்ல யூனிட்டைக் காட்டுங்க, அப்புறம் கரண்டுக்கு எழுதுறேன். டிகிரி படிச்சவங்கதானே நீங்க?"

மதியம் 1.30
சிலிண்டர் முள் சிவப்பில். ஆம்புலன்ஸ் மையமும் இயந்திரத்தின் பட்டியலைத்தான் பார்க்கிறது. "அப்படி ஒரு ஊரே காட்டலீங்களே." ஊரில் இருப்பதெல்லாம் மின்சார வண்டிகள். எதிலும் சார்ஜ் இல்லை.

1.50
மற்ற வீடுகளில் மெயினை இறக்கியே வைக்கச் சொன்னேன். அப்பாவின் இயந்திரம் மட்டும் ஓடினால் பங்கீட்டு இயந்திரத்தின் கண்ணில் படாது என்று நினைத்தேன். பிரேக்கரைக் கையால் போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கருத்தப்பாண்டி அண்ணன் போனில்:
"வந்துருச்சு தாயி! ஓடுது... ஐயோ, நின்னுபோச்சு."
பங்கீட்டு இயந்திரம் லைனைத் துண்டித்துவிட்டது. மறுபடி போட்டேன். துண்டித்தது. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இயந்திரம் முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

2.25
போடுகிறேன். துண்டிக்கிறது. கை மரத்துவிட்டது. போடுகிறேன்.

2.40
"போதும் தாயி. இனி போட வேணாம். நீ வீட்டுக்கு வா."

2.45
இயந்திரத்தின் செய்தி: "மின் திருட்டு. நுகர்வோர்: சுடலைமுத்து, வயது 52, கரட்டுப்பட்டி. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்."

இந்தப் பதிவை யார் எடுத்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஓர் ஆள் இருப்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது.