அம்மாவின் இடது கை நாடி

பாசிர் கூடாங்,
ஞாயிறு காலை

அன்பு மகள் லோஷினிக்கு,

இங்கே நாங்கள் நலம், ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை நலம் என்று எழுத ஆதாரம் இருக்கிறது. அம்மாவின் ரத்தக் குழாய்களில் இருந்த அழற்சி அடங்கிவிட்டது. சொன்னவர் டாக்டர் மிஷேல், வெள்ளிக்கிழமை மாலை, ஜொகூர் பாரு மருத்துவமனையில், படத்தைத் திரையில் போட்டுக் காட்டி. அன்றே உனக்கு நல்ல செய்தி என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டேன், போனில் பேசினால் நீ அழுவாய், அம்மாவும் அழுவாள், விவரம் ஒன்றும் வந்து சேராது. முப்பத்தைந்து வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவனுக்கு வீட்டுச் செய்தியை அரைகுறையாக அனுப்ப மனம் வருமா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திரையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று மார்ச்சில் எடுத்தது, மற்றது இப்போது எடுத்தது. இதற்கு உடம்பைக் கீறவில்லை, குழாய்க்குள் கம்பி எதையும் விடவில்லை. கையில் ஓர் ஊசி, அதில் லேசாகக் கதிரியக்கம் ஏற்றிய சீனி. அழற்சி உள்ள இடம் அந்தச் சீனியை அள்ளி அள்ளித் தின்னுமாம், தின்ற இடம் படத்தில் ஒளிரும். மார்ச் படத்தில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயும் அதிலிருந்து இடது கைக்குப் பிரியும் கிளையும் நம் ஊர் ஆலைக் குழாயின் உச்சியில் ராத்திரி எரியுமே, அந்த நெருப்பு மாதிரி இருந்தன. இப்போது அந்த இடம் மங்கிக் கிடக்கிறது. இந்தத் தடவை அந்தச் சீனியைக் குறைவாக ஏற்றியதால் மங்கலாகத் தெரியலாமே என்று நான் கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, கல்லீரலைப் பாருங்க அங்கிள், ரெண்டு படத்துலயும் ஒரே வெளிச்சம்தான், அதை வச்சுத்தான் ஒப்பிடுறோம் என்றார். போதுமாங்க, இல்ல அவங்க படிச்ச சர்டிபிகேட்டையும் கேக்கப் போறீங்களா என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

இந்த ஸ்கேன் போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. ஊசியில் போகிற சீனி சரியாக வேலை செய்ய முதல் நாள் சோறு, இனிப்பு கூடாது, அன்று காலை வெறும் வயிறு. அம்மா முதல் நாள் முழுக்க வெறும் முட்டையும் கோழியுமாகச் சாப்பிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். கோத்தா திங்கியிலிருந்து வந்த உன் ராஜம்மா அத்தை, ஸ்கேன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வழியில் கோயிலில் அர்ச்சனை செய்து, வந்த பஞ்சாமிர்தத்தைக் காரிலேயே அம்மா வாயில் ஊட்டிவிட்டாள். நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா என்று ஸ்கேன் எடுக்கும் பையன் கேட்க, அம்மா அத்தையைப் பார்க்க, சாப்பாடுலாம் இல்ல தம்பி, பிரசாதம் மட்டும்தான் என்று அத்தையே பெருமையாகச் சொன்னாள். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலமாக், ஐயோ, சாமி குடுத்ததுமா கணக்கு என்று அத்தை வீடு வரும்வரை புலம்பினாள். மறுமுறை அம்மாவுக்குத் திருநீறு மட்டும் பூசிவிட்டு, இதுல சீனி இல்ல, நீங்களே மோந்து பாத்துக்குங்க என்று அந்தப் பையனிடம் நெற்றியைக் காட்டச் சொன்னாள், அவன் சிரித்த சிரிப்பு வெளியே எனக்குக் கேட்டது.

நீ டிசம்பரில் பிரசவத்துக்கு அம்மா வருவாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. அழற்சி அடங்கினாலும் அது விட்டுப்போன தழும்பு இருக்கிறது, இடது கைக் குழாய் சுருங்கியிருக்கிறது. துணி காயப்போடும்போது கை வலிக்கிறது என்று பிப்ரவரியில் கிளினிக்குக்குப் போனோமே, அன்று நர்ஸ் மிஸி ரத்த அழுத்தக் கருவியை இரண்டு முறை மாற்றியும் இடது கையில் ஒன்றும் காட்டவில்லை, மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை. வரும் புதன்கிழமை அந்தக் கையில் ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். ஓட்டம் போதுமான அளவு இருந்தால் விமானத்தில் போகலாம் என்று எழுதித் தருவதாக டாக்டர் சொன்னார். இல்லையென்றால் குழாயை விரிக்கும் சிகிச்சை, டிசம்பர் பயணம் இல்லை. அதுவரை டிக்கெட் போடாதே. அம்மா இப்போதே பிரசவ மருந்துச் சாமான் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டாள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் கேட்பதில்லை. நீ இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, வேலையில் அதிக நேரம் நிற்காதே.

இன்னொன்று. பிப்ரவரியிலிருந்து தினமும் காலையில் அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. இன்று விரலுக்கடியில் ஏதோ தட்டியது. என் விரலின் துடிப்போ என்று கையை மாற்றிப் பிடித்தேன், மறுபடியும் தட்டியது, மெதுவாக. அம்மாவிடம் சொல்லவில்லை. என்னங்க, இன்னிக்கு இவ்ளோ நேரம் புடிக்கிறீங்க என்று கேட்டாள், சும்மாதான் என்றேன். ஒரே ஆள் சொன்னதை நான் ஒருநாளும் செய்தியாகப் போட்டதில்லை, இதையும் நீ யாரிடமும் சொல்லாதே. புதன்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பிள்ளையோடு நீ நல்லபடியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். புதன்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா